அரைஞாண் கட்டிய ஏழு

அத்தியாயம் பதினொன்று

அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் நேருக்கு நேர் பேசி மூன்றரை வருடம் ஆகிறது. பேசாமல் முறைத்துக்கொண்டு திரிகிற தம்பதிகள் உசிலம்பட்டியில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். ஆனால் முத்திருளனும் சுந்தரம்மாளும் சண்டை போட்டவர்கள் இல்லை. அவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அவள் அன்றோடு வாயை மூடிக்கொண்டாள். மகள் தமிழ்ச்செல்விதான் நடுவில் அகப்பட்டுக்கொண்டு தபால்காரி ஆகிவிட்டாள்.

“தமிழு, உங்கப்பாவச் சாப்பிட்டுப் போகச் சொல்லு.”

“அப்பா, சாப்பிட்டுப் போவீகளாம்.”

“பஸ்ஸு மொத நடைக்கு நேரமாச்சு. டப்பாவுல போட்டுத் தரச் சொல்லு தாயி.”

மூன்று பேரும் நின்றது ஒரே அடுப்பங்கரையில். நடுவில் ஒரு கிரைண்டர்தான் இருந்தது. சுந்தரம்மாள் டப்பாவில் இட்லியை அடுக்கி, அதை மகள் கையில் கொடுத்தாள். மகள் அதை அப்பா கையில் கொடுத்தாள். சிரிக்கத் தோன்றும். முதல் ஆறு மாதம் தமிழ்ச்செல்விகூடச் சிரித்தவள்தான்.

அந்த ஒரு வார்த்தை என்னவென்று தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். இன்றைக்குப் புதிதாக உள்ளே வந்தவர்களுக்காக இன்னொருமுறை.

மூத்தவன் சிவபாண்டி. பிளஸ் டூவில் தமிழ் வழியில் படித்து, கணக்கில் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு வாங்கியவன். திருமங்கலம் பாதையில் இருக்கிற எஞ்சினியரிங் காலேஜில் சேர்ந்தான். நாலு வருடத்தில் அத்தனை பேப்பரையும் முடித்தான், ஒன்றைத் தவிர. முதல் வருடத்துக் கணக்கு. கால்குலஸ். தமிழில் தண்ணீர்பட்ட பாடாக இருந்த வகையிடலும் தொகையிடலும் இங்கிலீஷில் வேறு ஆளாக வந்து நின்றன. அந்த ஒரு அரியரால் டிகிரி வரவில்லை. டிகிரி வராததால் கிடைத்த வேலையும் கைவிட்டுப் போனது. வேலை போன செய்தி வந்த அன்று, டவுன் பஸ்ஸில் பத்து மணி நேரம் நின்றபடி டிக்கெட் கிழித்துவிட்டு வீடு வந்த முத்திருளன் வாசலில் வைத்தே சொன்னார்.

“அந்த ஒத்தப் பேப்பர முடிக்காம இந்த வாசப்படிய மிதிக்காத.”

பையன் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவான் என்றுதான் இவர் நினைத்தார். போனை அணைத்தவன் திரும்பப் போடவில்லை.

மறுநாளிலிருந்து சுந்தரம்மாளும் அந்த வாசற்படியை மிதிக்கவில்லை. அவளுக்குப் போக்குவரத்தெல்லாம் கொல்லைக் கதவு வழியாகத்தான். கோலம் போடுவது மகள். கல்யாண வீட்டுக்குப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கிளம்பினாலும் மாட்டுக்கொட்டகையைச் சுற்றித்தான் தெருவுக்கு வருவாள். யாரும் காரணம் கேட்டதில்லை. காரணம் முத்திருளனுக்குத் தெரியும், அது போதும்.

“அப்பா, இன்னிக்கு மறந்துராதீக” என்றாள் தமிழ்ச்செல்வி. “காலேஜ் ஸ்டாப் செராக்ஸ் கடையில என் செட்டு இருக்கும். பேயாண்டி அண்ணன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்.”

“என்ன செட்டு?”

“பழைய கொஸ்டின் பேப்பருப்பா. பத்து வருசத்துப் பேப்பரு. நாளைக்குக் கணக்குப் பரீட்சைல்ல?”

அண்ணன் தடுக்கி விழுந்த அதே காலேஜ், அதே முதல் வருடக் கணக்கு. தங்கை அங்கேதான் படிக்கிறாள். வேறு காலேஜில் சேர்க்கலாம் என்று அப்பா எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை.

“புஸ்தகந்தான் இருக்கே. கேட்டதையேவா திரும்பக் கேப்பாக?”

“கேப்பாகப்பா. அதானே விசயமே. நம்பர மட்டும் மாத்திப் போட்டு அதே கணக்கத்தான் சுத்திச் சுத்திக் கேப்பாக. புஸ்தகத்தப் படிச்சா கணக்கு புரியும். பழைய பேப்பரப் போட்டுப் பாத்தாத்தான் பரீட்சை புரியும். கடிகாரத்த முன்னால வச்சுக்கிட்டு மூணு மணி நேரம் உக்காந்து போடணும். அண்ணன் இதப் பண்ணவே இல்ல. ஒரு தடவைகூடப் பழைய பேப்பரத் தொடல.”

அண்ணன் என்ற சொல் வந்ததும் சுந்தரம்மாளின் கை சட்னிக் கரண்டியோடு நின்றது. முத்திருளன் டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டு முன்வாசல் வழியாக வெளியேறினார்.

உசிலம்பட்டியிலிருந்து திருமங்கலம், திருமங்கலத்திலிருந்து உசிலம்பட்டி. பதினெட்டு வருடமாக இதே தடம். எந்தப் பள்ளத்தில் பஸ் எந்தப் பக்கம் சாயும் என்பது முத்திருளனின் முழங்காலுக்கே தெரியும். டிரைவர் தங்கப்பாண்டி அவரைவிடப் பத்து வயது இளையவன், வாய்க்காரன்.

முதல் நடையில் காலேஜ் ஸ்டாப்பில் பஸ் நின்றபோது பேயாண்டியே கடையிலிருந்து இறங்கி ஓடி வந்து பேப்பர் கட்டை ஜன்னல் வழியாக நீட்டினான்.

“பாப்பாவோட செட்டுண்ணே. சிலபஸ் மாறிருச்சு, இருந்தாலும் பழைய சிலபஸ் பேப்பரும் சேத்து வச்சிருக்கேன். கால்குலஸ் ரெண்டுலயும் ஒண்ணுதான்.”

முத்திருளன் அதை இருக்கையில் வைத்துவிட்டு விசில் கொடுத்தார். திரும்பி வருகிற நடையில் கூட்டம் இல்லை. எல்லாருக்கும் டிக்கெட் கொடுத்து முடித்து, பின்படிக்குப் பக்கத்தில் தன் இடத்தில் உட்கார்ந்தவர், சும்மா இருக்க முடியாமல் கட்டைப் பிரித்தார்.

கணக்கு அவருக்குப் புரியாது. பத்தாம் வகுப்போடு நின்றவர். ஆனால் எண்கள் அவருடைய சங்கதி. ஒவ்வொரு பேப்பரின் தலையிலும் கட்டம் கட்டமாக ஒரு பெட்டி இருந்தது. பரீட்சை எழுதுகிறவர்கள் முதல் வேலையாகத் தங்கள் ரெஜிஸ்டர் நம்பரை எழுதவேண்டிய இடம். யார் யாரோ எழுதிய பேப்பர்களை நகல் எடுத்ததில் அந்த நம்பர்களும் சேர்ந்து வந்திருந்தன. டிக்கெட் எண்ணைப் பார்க்கிற பழக்கத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஆறாவது பேப்பரில் கை நின்றது.

கடைசி நாலு எண், நாலு ஒன்று ஏழு ஏழு. ஒவ்வொரு ஏழுக்கும் இடுப்பில் குறுக்கே ஒரு கோடு.

ஏழு என்ற எண்ணை அப்படி எழுதுகிற ஒருவனை அவருக்குத் தெரியும். அவன் ஆறாம் வகுப்பு படிக்கும்போதே அவர் கேலி செய்திருக்கிறார். “ஏன்டா, ஏழுக்கு எதுக்குடா அரணாக்கயிறு? இடுப்புல நிக்காம கழண்டுருமாக்கும்?” அதற்கு அவன், “வாத்தியாரு ஒண்ணுன்னு நெனச்சிட்டா மார்க்கு போயிரும்லப்பா” என்று வெகு சீரியஸாகப் பதில் சொன்னான்.

நம்பரும் அவருக்கு மனப்பாடம். பீஸ் கட்டியபோது எழுதியது, பஸ் பாஸுக்கு எழுதியது, பிறகு போலீஸ் ஸ்டேஷனில் காணவில்லை என்று எழுதிக் கொடுத்தபோதும் எழுதியது. பன்னிரண்டு எண்ணையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

படிக்கிற காலத்தில் எழுதியதாக இருக்கும் என்று நினைத்தார். தலைப்பில் தேதி இருந்தது. நவம்பர், டிசம்பர், இரண்டாயிரத்து இருபத்திரண்டு.

அவன் வீட்டை விட்டுப் போனது அந்த வருடம் ஜூனில்.

“கண்டக்டரண்ணே, சிந்துபட்டி வந்துருச்சு, விசிலக் குடுங்க” என்றாள் ஒரு பெண். அவர் விசிலை வாயில் வைத்தார். காற்று வரவில்லை. தங்கப்பாண்டி தானாகவே கண்ணாடியில் பார்த்து நிறுத்தினான்.

அடுத்த பேப்பரைப் புரட்டினார். அதிலும் அதே நம்பர். அதற்கடுத்ததிலும். ஆறு மாதத்துக்கு ஒன்றாக ஐந்து பேப்பர். ஐந்தாவதில் மட்டும் எண்கள் கோணல் மாணலாக, சின்னப் பிள்ளை எழுதியதுபோல இருந்தன. ஆனால் ஏழுக்குக் கயிறு இருந்தது.

உயிரோடு இருக்கிறான். முதலில் வந்தது அதுதான். இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு முத்திருளன் அழுதார். சத்தம் வராமல் அழுவது எப்படி என்று இந்த மூன்றரை வருடத்தில் அவருக்குப் பழகியிருந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனி பனியன் கம்பெனியாக ஏறி இறங்கினார். கோயம்புத்தூர் பஸ் ஸ்டாண்டில் மூன்று நாள் படுத்துக் கிடந்தார். இரண்டு முறை, சொல்ல வாய் கூசுகிறது, ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிக் காட்டியதையும் பார்த்துவிட்டு வந்தார். எங்கெங்கோ தேடியவர் அந்தப் பரீட்சை ஹாலில் மட்டும் தேடவில்லை. கணக்குக்குப் பயந்து ஓடிய பிள்ளை அந்தக் கணக்கு இருக்கிற இடத்துக்கா போவான் என்று நினைத்திருந்தார்.

அவன் ஓடவில்லை. அப்பா சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொண்டு, அதைச் செய்து முடிக்கப் போயிருந்தான்.

இரண்டாம் நடையில் காலேஜ் ஸ்டாப் வந்ததும் முத்திருளன் இறங்கிவிட்டார். “அஞ்சு நிமிசம் நில்லு தங்கப்பாண்டி.”

“அண்ணே, டைமிங் இருக்குண்ணே!”

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. முன்சீட்டுக்காரர் முனகத் தொடங்க, தங்கப்பாண்டி என்ன நினைத்தானோ, இறங்கிப்போய் டயரை உதைத்துப் பார்ப்பதுபோல நின்றுகொண்டான்.

“இந்தப் பேப்பர ஒனக்கு யாரு குடுத்தா?”

பேயாண்டி நம்பரைப் பார்த்தான். “ஏண்ணே, எதுவும் தப்பாயிருச்சா?”

“யாரு குடுத்தா, அதச் சொல்லு.”

“அரியர் எழுத வர்ற ஒரு தம்பிண்ணே. ஒல்லியா, தாடி வச்சிருப்பாப்ல. பேரு சொன்னதில்ல. வெளியூர்ல ஏதோ பட்டறையில வேலை. ஒவ்வொரு செமஸ்டரும் இந்த ஒரு பேப்பருக்காக வருவாப்ல. எழுதி முடிச்சதும் நேரா இங்க வந்து பேப்பரக் குடுத்துருவாப்ல. ‘நான் வச்சு என்னண்ணே செய்யப் போறேன், அடுத்து எழுதுறவங்களுக்காச்சும் ஆகட்டும்’பாப்ல.”

முத்திருளன் பேப்பரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அண்ணன் பேப்பரை வைத்துத் தங்கை படிக்கப் போகிறாள். அது அவனுக்குத் தெரியாது.

“வேற என்ன சொன்னான்?”

“என்னத்தச் சொல்றது. அந்த பெஞ்சுல உக்காந்து ஒரு டீ குடிப்பாப்ல. எந்த ஊருன்னு கேட்டா உசிலம்பட்டின்னாப்ல. ‘இங்க இருக்கு உசிலம்பட்டி, வீட்டுக்குப் போயிட்டுப் போலாம்ல தம்பி’ன்னேன். ‘பேப்பர முடிச்சிட்டுப் போறேண்ணே’ன்னாப்ல. ஒவ்வொரு தடவையும் அதே பதில்தான்.” பேயாண்டி கொஞ்சம் தயங்கினான். “ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக்கூடாது. ஒங்க வண்டி வந்தா மட்டும் எந்திரிச்சு, இந்தா இந்த மெஷினுக்குப் பின்னால வந்து நின்னுக்குவாப்ல. வண்டி போனப்புறந்தான் வெளிய வருவாப்ல. ஏதோ டிக்கெட் எடுக்காம ஒங்ககிட்ட மாட்டுன பயபுள்ள போலன்னு நான் நெனச்சுக்கிட்டேன்.”

ஐந்து பரீட்சை நாள். ஒவ்வொரு நாளும் இந்த ஸ்டாப்பில் அவர் எத்தனை முறை விசில் ஊதியிருப்பார்? எட்டு முறையாவது இருக்கும். அதில் ஒன்றிரண்டு முறையாவது சுவருக்கும் இந்த நகல் இயந்திரத்துக்கும் நடுவில் அவர் மகன் நின்றிருக்கிறான். இடுக்கைப் பார்த்தார். ஒரு ஆள் ஒருக்களித்து நிற்கலாம், அவ்வளவுதான்.

“கடைசியா எப்ப வந்தான்?”

“போன வருசம் நவம்பர்ண்ணே. வலது கையில பெரிய கட்டு. பட்டறையில ரெண்டு வெரலு போயிருச்சுன்னாப்ல. எடது கையாலதான் எழுதுனேன், எல்லாக் கணக்கும் தெரிஞ்சுச்சுண்ணே, நேரந்தான் பத்தலன்னு சிரிச்சாப்ல. இந்த ஏப்ரல் பரீட்சைக்கு ஆளக் காணோம்.” பேயாண்டிக்கு அப்போதுதான் ஏதோ உறைத்திருக்க வேண்டும். “அண்ணே, அந்தத் தம்பி ஒங்களுக்கு...?”

“என் மகன்” என்றார் முத்திருளன்.

தங்கப்பாண்டி ஹாரனை மெதுவாக ஒருமுறை அடித்தான். அவர் போய் ஏறிக்கொண்டார். மிச்சம் இருந்த நடைகளை எப்படி ஓட்டினார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. யாருக்கும் டிக்கெட் தவறவில்லை. கை அதுபாட்டுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது.

அவர் வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைத்திருந்தார்கள். தமிழ்ச்செல்வி கூடத்தில் கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

“கொண்டு வந்தீகளாப்பா?”

“உங்கம்மாவக் கூப்பிடு.”

சுந்தரம்மாள் அடுப்பங்கரை நிலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். முத்திருளன் ஐந்து பேப்பரையும் தரையில் வரிசையாக வைத்தார். வாயைத் திறக்க வேண்டிய வேலையே இருக்கவில்லை. சுந்தரம்மாளுக்கு இங்கிலீஷ் தெரியாது, ரெஜிஸ்டர் நம்பர் தெரியாது. ஆனால் கயிறு கட்டிய ஏழுகளைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“இது எப்ப எழுதுனதுன்னு கேளு தமிழு” என்றாள். இந்த நேரத்திலும் தபால்தான்.

அவர் சொன்னார். ஒன்று விடாமல் சொன்னார். மெஷினுக்குப் பின்னால் நின்றதைச் சொல்லும்போது மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டார். விரலை மட்டும் சொல்லவில்லை. அதை மறைத்துவிடலாம் என்று வரும் வழியெல்லாம் நினைத்திருந்தார். ஆனால் தமிழ்ச்செல்வி கடைசிப் பேப்பரைத் தூக்கிப் பிடித்தாள்.

“இது ஏம்ப்பா இப்பிடி எழுதியிருக்கான்?”

சொல்லவேண்டியதாயிற்று. சுந்தரம்மாள் தன் வலது கையை இடது கையால் பொத்திக்கொண்டாள். வலி அவளுக்கே வந்ததுபோல இருந்தது.

தமிழ்ச்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு பேப்பர்களை விளக்குக்கு நேரே வைத்துப் பார்த்தாள். கேள்வி எண்களுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள். முத்திருளன் அவற்றை மெஷின் அழுக்கு என்று நினைத்திருந்தார்.

“கொஸ்டின் பேப்பர்ல எதுவும் எழுதக்கூடாதுப்பா, புடிச்சிருவாக. அதனால தெரிஞ்ச கணக்குக்குப் பக்கத்துல இப்பிடிப் பென்சில்ல ஒரு புள்ளி வைப்போம்.” எண்ணிக்கொண்டே போனாள். “மொதல் பேப்பர்ல மூணு புள்ளிதான் இருக்கு. அடுத்ததுல அஞ்சு. அப்புறம் எட்டு. நாலாவதுல பத்து...” கடைசித் தாளில் விரல் நின்றது. “இதுல எல்லாத்துக்கும் இருக்குப்பா. அண்ணன் பழைய பேப்பரெல்லாம் போட்டுப் பாத்துப் படிச்சிருக்கான். தனியா உக்காந்து இம்புட்டும் கத்துக்கிட்டான். எல்லாம் தெரிஞ்சிருக்கு.”

எல்லாம் தெரிந்த நேரத்தில் எழுதுகிற கை போய்விட்டது.

“ஒருவேளை அதுல பாஸாயிட்டானோ என்னவோ?” என்றார் முத்திருளன். கேட்டுவிட்டுப் பயந்தார். பாஸாகியும் வராமல் இருந்தால் அதற்கு என்ன அர்த்தம்?

தமிழ்ச்செல்வி போனை எடுத்தாள். “பழைய சிலபஸ்காரங்களுக்கு நாளைக்குத்தான் கடைசி வாய்ப்புன்னு போர்டுல ஒட்டியிருந்தாக. இதுக்கப்புறம் அந்தப் பேப்பரே கெடையாது. ரெஜிஸ்டர் நம்பரும் பொறந்த தேதியும் போட்டா ஹால் டிக்கெட் இருக்கா இல்லையான்னு காட்டும்.”

நம்பரை அப்பா சொன்னார். பிறந்த தேதியை அம்மா சொன்னாள். போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்று தலையும் அதன்மேல் குனிந்திருந்தன.

வந்தது. சிவபாண்டி, த/பெ முத்திருளன். பதினெட்டு வயதில் எடுத்த போட்டோ, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. அதன் கீழே ஒரே ஒரு பேப்பர். நாளை, முற்பகல்.

“பாஸாகலப்பா, மறுபடி எழுதப் பேர் குடுத்திருக்கான்” என்றாள் தமிழ்ச்செல்வி. “நான் எழுதுற அதே நேரம்ப்பா. அதே காலேஜு.”

முத்திருளன் எழுந்துவிட்டார். “காலையில மொத ஆளா நான் கேட்டுல போயி நிக்கிறேன். நான் போயி...”

“ஏங்க.”

தமிழ்ச்செல்வி பழக்கத்தில் அம்மாவைப் பார்த்து, பிறகு அப்பாவைப் பார்த்தாள். இந்தத் தபால் அவளுக்கு வந்ததில்லை.

மூன்றரை வருடமாக அவர் இந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார். காய்ச்சலில் கிடந்தபோது சொல்வாள் என்று நினைத்தார். அவருடைய அம்மா செத்த அன்றைக்குச் சொல்வாள் என்று நினைத்தார்.

“நாளைக்கு நீங்க அந்தப் பக்கம் வராதீங்க” என்றாள் சுந்தரம்மாள். கோபம் இல்லாமல் சொன்னாள். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. “உங்களக் கண்டா அவன் ஒளிஞ்சுக்கிருவான். கைக்குக் கணக்கு வராது. கடைசித் தடவைன்னு பாப்பா சொல்லுதுல்ல? மூணு மணி நேரம் அவன் பயமில்லாம எழுதட்டும். உங்க வண்டியும் வேணாம்.”

முத்திருளன் மெதுவாக உட்கார்ந்தார்.

“சரி” என்றார்.

பிறகு, “வராதன்னு சொன்ன வாயி இது. வான்னு சொல்றதுக்கும் இந்த வாய்தானே போகணும் சுந்தரம்?” என்றார்.

அவர் பையிலிருந்து பழைய டிக்கெட் கட்டின் பின்தாள் ஒன்றைக் கிழித்தார். பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். அன்றைக்கு யோசிக்காமல் வந்த சொல் இன்றைக்கு யோசித்தும் வரவில்லை. கடைசியில் எழுதினார். ‘பேப்பர் முடியாட்டியும் வீட்டுக்கு வா. அப்பா.’

“இதக் கொண்டுபோயி அவன்கிட்ட குடு தாயி.”

“அப்பா, துண்டுச் சீட்டோட ஹாலுக்குள்ள போனா பிட்டுன்னு என்னையும் வெளிய அனுப்பிருவாக” என்றாள் தமிழ்ச்செல்வி. சிரிக்கத்தான் முயன்றாள். பாதியில் அழுதுவிட்டாள்.

சுந்தரம்மாள் கையை நீட்டினாள். மகளிடம் இல்லை, அவரிடம். சீட்டை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தாள். மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டாள்.

“அந்தச் செராக்ஸ் கடை பெஞ்சுல நான் உக்காந்திருக்கேன். ஏப்ரல்ல வராதவன் நாளைக்கு வருவானா மாட்டானான்னு எனக்கும் தெரியல. வந்தா எங்கையால குடுக்கிறேன்.”

தமிழ்ச்செல்வி கடிகாரத்தைத் திருப்பி வைத்தாள். ஐந்து பேப்பரிலிருந்து முதல் பேப்பரை எடுத்து, புள்ளி வைத்த மூன்று கணக்குகளை விட்டுவிட்டு, புள்ளி இல்லாதவற்றைப் போடத் தொடங்கினாள்.

முத்திருளன் வெளியே வந்து தங்கப்பாண்டிக்குப் போன் போட்டார்.

“நாளைக்கு நான் அந்த ரூட்டுல வரலப்பா. மதுரைப் பக்கம் மாத்திவிடச் சொல்லி டெப்போவுல கேக்கப்போறேன்.”

“ஏண்ணே? பாப்பாவுக்குப் பரீட்சைன்னு சொன்னீகளே, நம்ம வண்டியிலயே கூட்டிட்டுப் போலாம்ல?”

“எங்க வீட்டுல நாளைக்கு ரெண்டு பேருக்குப் பரீட்சை தங்கப்பாண்டி” என்றார். போனை வைத்துவிட்டார்.

முன்வாசலில் அவர் செருப்பு எப்போதும் கிடக்கிற இடத்தில் கிடந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து அதைக் கையில் எடுத்துக்கொண்டு, கூடத்தைத் தாண்டி, அடுப்பங்கரையைத் தாண்டி, கொல்லைக் கதவுக்கு வெளியே கொண்டுபோய் சுந்தரம்மாளின் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தார்.